மூடிய டிக்கெட்டுகளைக் கைவிடாதீர்கள்: கருவித் தேர்வுக் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய தலைமைத் தொழில்நுட்ப அதிகாரிக்கும் கருவித் தேர்வுக் குழுவினருக்கும்,

பிழைப் புகார்கள், தேவைகள், டெஸ்ட் முடிவுகளைப் பதிந்து வைக்கும் பழைய லைஃப்சைக்கிள் மேனேஜ்மென்ட் சர்வரை இந்தக் காலாண்டு முடிவில் நிறுத்தப்போவதாகச் சுற்றறிக்கை அனுப்பியிருக்கிறீர்கள். வேலை முடியாமல் திறந்திருக்கும் டிக்கெட்டுகள் (ஒவ்வொரு பிழைக்கும் மாற்றத்துக்கும் எழுதப்படும் பதிவுகள்) மட்டும் புதிய கருவிக்கு வரும், மூடியவை வராது, டெஸ்ட் ரன் முடிவுகள் வராது, யாருக்காவது தேவைப்பட்டால் டேட்டாபேஸ் பேக்அப்பிலிருந்து எடுத்துத் தரப்படும் என்று அதில் இருக்கிறது. கோடு (நிரல்) எழுதுகிற, டெஸ்ட் செய்கிற, ரிலீஸ் அனுப்புகிற நாங்கள் இந்த முடிவை ஏற்கவில்லை.

கருவியை மாற்றுவதில் எங்களுக்கு ஆட்சேபம் கிடையாது. பழைய கருவியில் ஒரு தேடல் முடிவதற்குள் அடுத்த வேலைக்குப் போய்விடலாம். பில்ட் சர்வரோடு அதை இணைத்திருக்கும் ஸ்கிரிப்டுகளைத் தொட யாருக்கும் துணிச்சலில்லை. மாற்ற வேண்டியதுதான். ஆனால் அதில் சேர்ந்திருக்கும் பதிவுகள் கருவிக்குச் சொந்தமானவை அல்ல. அவை நாம் விற்கும் மென்பொருளின் ஒரு பகுதி. கோடு ரெப்போசிட்டரியில் (கோடைச் சேமிக்கும் இடத்தில்) பழைய கமிட்டுகளை (பதிந்த மாற்றங்களை) விட்டுவிட்டுப் புதியவற்றை மட்டும் எடுத்து வரலாம் என்று யாராவது சொன்னால் நீங்களே ஒப்புக்கொள்ள மாட்டீர்கள். மூடிய டிக்கெட்டுகளின் விஷயத்தில் அதைத்தான் செய்யப்போகிறீர்கள்.

மூடிய டிக்கெட் எதற்குப் பயன்படுகிறது என்று ஆலோசனைக் கூட்டத்தில் கேட்கப்பட்டது. அன்றாடம் நடக்கும் ஒன்றைச் சொல்கிறோம். சென்சாரிலிருந்து வரும் மதிப்பு பூஜ்ஜியமாக இருந்தால் அலாரம் எழுப்ப வேண்டும். ஆனால் கோடு, அடுத்தடுத்து இரண்டு முறை பூஜ்ஜியம் வந்தால்தான் அலாரம் எழுப்புகிறது. புதிதாகச் சேர்ந்தவர் பார்த்தால் இந்த இரண்டாவது சரிபார்ப்பு வீண் வேலை என்றே நினைப்பார். கோடு மாற்றங்களின் வரலாற்றை வைத்திருக்கும் கிட்டில் அந்த வரியை யார், எப்போது மாற்றினார்கள் என்று பார்ப்பார். கமிட் செய்தியில் "#4172 சரி செய்யப்பட்டது" என்று மட்டும் இருக்கும். காரணம் முழுவதும் டிக்கெட் 4172-ல் இருக்கிறது: கேபிளைச் செருகும் கணத்தில் ஒரே ஒரு பூஜ்ஜியம் வந்து பொய் அலாரம் அடித்தது, வாடிக்கையாளர் அனுப்பிய சாதன லாக் இணைப்பாக இருக்கிறது, 200 மில்லிசெகண்ட் தாமதம் வைக்கலாம் என்று ஒருவர் சொன்னதும், உண்மையான கோளாறின்போது அலாரம் பிந்தும் என்று அது நிராகரிக்கப்பட்டதும் கருத்துகளில் இருக்கின்றன, எந்த ரிக்வயர்மென்ட் (மென்பொருள் என்ன செய்ய வேண்டும் என்ற தேவை) திருத்தப்பட்டது, எந்த டெஸ்ட் கேஸ் சேர்க்கப்பட்டது என்ற லின்க்குகள் கீழே இருக்கின்றன. இந்த டிக்கெட் போய்விட்டால் அந்த வரியைக் காப்பாற்ற எதுவும் இல்லை. யாராவது நல்லெண்ணத்தோடு அதை "எளிமையாக்கி" விடுவார்கள். பழைய பக் (பிழை) அடுத்த ரிலீஸில் திரும்பி வரும். முன்பு நிராகரித்த தீர்வையே இரண்டாம் முறை தேர்ந்தெடுக்கவும் வாய்ப்பிருக்கிறது.

வேலை நடக்கும்போது திறந்திருக்கும் டிக்கெட்டில் பெரும்பாலும் ஒரு புகாரும் ஒரு ஊகமும்தான் இருக்கும். காரணம், தீர்வு, சரிபார்ப்பு, ஒப்புதல் எல்லாம் சேர்ந்த பிறகுதான் அது மூடப்படுகிறது. அறிவு அதிகமாக இருக்கும் பகுதியை விட்டுவிட்டுக் குறைவாக இருக்கும் பகுதியை எடுத்து வருகிறீர்கள்.

எண்களின் சிக்கலை இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். புதிய கருவியில் டிக்கெட்டுகளுக்குப் புது எண்கள் வரும். சில கருவிகளில் பழைய எண்ணைத் தக்கவைக்கலாம்: ஜிரா என்ற கருவியின் சிஎஸ்வி (காற்புள்ளியால் பிரித்த உரைக் கோப்பு) இறக்குமதியில் பழைய கீயையே (டிக்கெட் எண்ணையே) கொடுக்க வழியுண்டு. மைக்ரோசாஃப்டின் அஸூர் டெவ்ஆப்ஸில் எண்ணைக் கருவியே ஒதுக்கும், நம் கையில் இல்லை. கமிட் செய்திகளைப் பின்னால் போய்த் திருத்திக்கொள்ளலாம் என்று கூட்டத்தில் சொல்லப்பட்டது, அது நடக்காது. கிட்டில் கமிட்டின் ஹாஷ் (அடையாளமாக நிற்கும் குறி) அதன் செய்தியையும் சேர்த்தே கணக்கிடப்படுகிறது. ஒரு செய்தியை மாற்றினால் அந்தக் கமிட்டின் ஹாஷும், அதற்குப் பின் வந்த அத்தனை கமிட்டுகளின் ஹாஷும் மாறும். ரிலீஸ் டேக்குகள், பில்ட் பதிவுகள், டிஜிட்டல் கையெழுத்துகள் எல்லாம் பொருளிழந்துபோகும். எனவே பழைய எண்கள் கமிட்டுகளில் என்றென்றும் இருக்கப்போகின்றன. இன்னொரு ஆபத்தும் உண்டு. புதிய கருவியில் நாளை வேறொரு விஷயத்துக்கு 4172 என்ற எண் கிடைக்கும். கமிட் செய்தியில் உள்ள எண்ணைத் தானாக லின்க் ஆக்கும் வசதி பல கருவிகளில் இருப்பதால், பழைய கமிட் சம்பந்தமே இல்லாத புதிய டிக்கெட்டுக்கு இட்டுச் செல்லும். லின்க் உடைந்தால் உடைந்தது என்றாவது தெரியும். தவறான இடத்துக்குப் போகும் லின்க்கை யாரும் சந்தேகிப்பதில்லை.

நம் தயாரிப்புகளில் ஒன்று மருத்துவக் கருவிகளோடு இணைவது. மருத்துவ மென்பொருளுக்கான ஐஇசி 62304 தரநிலையில், ஒவ்வொரு மாற்றமும் எந்தச் சிக்கல் அறிக்கையிலிருந்து வந்தது, யார் ஒப்புதல் தந்தார், எப்படிச் சரிபார்க்கப்பட்டது என்று பின்தொடர்ந்து காட்ட முடிய வேண்டும். வாகனங்களுக்கான ஐஎஸ்ஓ 26262, விமான மென்பொருளுக்கான டிஓ-178சி ஆகியவையும் ரிக்வயர்மென்டிலிருந்து டெஸ்ட் வரை இதே பின்தொடர்தலை எதிர்பார்க்கின்றன. அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகமான எஃப்டிஏவின் 21 சிஎஃப்ஆர் பாகம் 11 விதி, மின்னணுப் பதிவில் நடந்த மாற்றங்களைக் கணினியே நேரமுத்திரையோடு பதிய வேண்டும், புதிய மாற்றம் பழைய தகவலை மறைக்கக்கூடாது, மூலப்பதிவு வைத்திருக்க வேண்டிய காலம் முழுவதும் அந்தத் தடமும் இருக்க வேண்டும் என்கிறது. ஆடிட்டர் முன்னால் நாம் வைக்கும் சான்று மூடிய டிக்கெட்டுகளும் முடிந்த டெஸ்ட் ரன்களும்தான்.

பேக்அப் இருக்கிறதே என்ற பதிலுக்கு வருகிறோம். டேட்டாபேஸ் பேக்அப் தனியாகப் படிக்கக்கூடிய ஆவணம் ஆகாது. அதைத் திறக்க அதே வெர்ஷன் அப்ளிகேஷன் வேண்டும், அது ஓடும் இயங்குதளம் வேண்டும், செல்லுபடியாகும் லைசென்ஸ் வேண்டும், அட்மின் கடவுச்சொல் வேண்டும். இணைப்புக் கோப்புகள் பல கருவிகளில் டேட்டாபேஸுக்குள் இருப்பதில்லை. சர்வரில் தனி ஃபோல்டரில் இருக்கும். டேட்டாபேஸை மட்டும் பேக்அப் எடுத்தால் கோப்பின் பெயர் வரும், கோப்பு வராது. சுற்றறிக்கையில் அந்த ஃபோல்டரைப் பற்றி ஒரு வார்த்தைகூட இல்லை. சர்வரை நிறுத்திய மறுநாளே இந்தப் பேக்அப்பை மீட்டெடுக்கச் சொன்னால் எத்தனை நாள் ஆகும் என்று உள்கட்டமைப்புக் குழுவைக் கேட்டுப் பாருங்கள். சில ஆண்டுகள் கழித்து, அந்த அப்ளிகேஷனை நிறுவத் தெரிந்தவரே இல்லாதபோது கேட்டால் பதில் எப்படியிருக்கும் என்பதையும் யோசியுங்கள்.

இந்தத் துறையில் கருவிகளின் ஆயுள் குறைவு, உரிமையாளர்களின் ஆயுள் அதனினும் குறைவு. டெஸ்ட்டைரக்டர் என்ற பெயரில் மெர்க்குரி நிறுவனம் தொடங்கிய டெஸ்ட் நிர்வாகக் கருவி 2006-ல் எச்பியிடம் போனது, 2017-ல் மைக்ரோ ஃபோகஸிடம், 2023-ல் ஓப்பன்டெக்ஸ்ட்டிடம். வழியில் குவாலிட்டி சென்டர், ஏஎல்எம் என்று பெயர்களும் மாறின. ரிக்வயர்மென்டுகளைக் கையாளும் டோர்ஸ் 2008-ல் டெலிலாஜிக் நிறுவனத்தோடு சேர்ந்து ஐபிஎம்மிடம் வந்தது. மைக்ரோசாஃப்டின் டீம் ஃபவுண்டேஷன் சர்வர் 2019 பதிப்பில் அஸூர் டெவ்ஆப்ஸ் சர்வர் ஆனது. ஜிராவின் சர்வர் பதிப்புக்கு 2024 பிப்ரவரி 15-ஓடு ஆதரவு முடிந்தது. இவற்றில் எந்த நிறுவனத்தையும் நாங்கள் குறை சொல்லவில்லை. இன்று நீங்கள் வாங்கும் கருவியும் நிரந்தரமல்ல, இன்னொரு மைக்ரேஷன் (தரவு இடமாற்றம்) வரத்தான் போகிறது என்பதைத்தான் சுட்டிக்காட்டுகிறோம். ஒவ்வொரு முறையும் மூடியதை விட்டுவிட்டு வந்தால் சில ஆண்டுகளில் நம்மிடம் வரலாறே இருக்காது.

சோதனை மைக்ரேஷனைப் பற்றி. ஒரு சிறு புராஜெக்ட்டை மாற்றிப் பார்த்துவிட்டு "வெற்றி" என்று அறிக்கை தந்தீர்கள். அதன் ஆதாரம் இரு பக்கமும் உருப்படிகளின் எண்ணிக்கை ஒத்துப்போனது மட்டும்தான். உள்ளே போய்ப் பார்த்தவர்கள் நாங்கள்.

எல்லா டிக்கெட்டுகளும் இறக்குமதி நடந்த தேதியில், இறக்குமதிக் கணக்கின் பெயரில் உருவானதாக நிற்கின்றன. ஏபிஐ (நிரல்கள் கருவியோடு பேசும் இடைமுகம்) வழியாகச் சாதாரணமாக எழுதினால் அப்படித்தான் வரும். அஸூர் டெவ்ஆப்ஸில் விதிகளைத் தாண்டி எழுதும் தனி அனுமதியை மைக்ரேஷன் கணக்குக்குக் கொடுத்து, ஒவ்வொரு திருத்தத்தையும் பழைய தேதி வரிசையில் திரும்ப எழுதினால் உருவாக்கியவர், தேதி, மாற்றங்கள் எல்லாவற்றையும் கொண்டுவரலாம். ஜிராவில் சிஎஸ்வி வழியே உருவாக்கிய தேதியும் கருத்துகளும் வரும். நிலை மாறிய வரலாறு வேண்டுமானால் ஜேசன் என்ற கோப்பு வடிவ இறக்குமதியைப் பயன்படுத்த வேண்டும். வழி இருக்கிறது, வேலை கூடுதல். அந்த வேலையைத் தவிர்த்திருக்கிறார்கள். நிறுவனத்தை விட்டுப் போனவர்களின் கணக்குகள் புதிய கருவியில் இல்லாததால் அவர்கள் தந்த ஒப்புதல்களும் இறக்குமதிக் கணக்கின் பேரிலேயே ஏறியிருக்கின்றன. ஆடிட்டில் நாம் தோற்க இது ஒன்றே போதும்.

தரவை இடையில் ஸ்ப்ரெட்ஷீட்டில் திறந்து சேமித்திருக்கிறார்கள் என்பது கண்ணுக்குத் தெரிகிறது. 1.10 என்ற வெர்ஷன் எண்ணாகப் படிக்கப்பட்டு 1.1 ஆகிவிட்டது, இரண்டு வெவ்வேறு ரிலீஸ்களின் பக்குகள் ஒன்றாகக் கலந்து கிடக்கின்றன. முன்னால் பூஜ்ஜியம் இருந்த பாக எண்களில் பூஜ்ஜியத்தைக் காணவில்லை. எக்செலில் ஒரு செல்லில் 32,767 எழுத்துகளுக்கு மேல் நிற்காது. லாக் ஒட்டப்பட்ட நீண்ட விவரங்கள் வாக்கியத்தின் நடுவிலேயே அறுந்திருக்கின்றன. சிஎஸ்வியை நேரடியாக ஸ்கிரிப்டால் படித்து, எல்லாப் புலங்களையும் உரையாகவே எடுத்துக்கொண்டிருந்தால் இவற்றில் ஒன்றும் நேர்ந்திருக்காது.

விவரங்களின் வடிவமும் குலைந்திருக்கிறது. பழைய கருவியின் மார்க்அப் (வடிவக் குறியீடு) புதியதில் எச்டிஎம்எல் ஆக மாற வேண்டும். அட்டவணைகளும் கோடு பகுதிகளும் ஒரே பத்தியாக ஒட்டிக்கொண்டன. விவரத்துக்குள் செருகப்பட்ட ஸ்கிரீன்ஷாட்டுகள் இன்னும் பழைய சர்வரின் முகவரியிலிருந்துதான் வருகின்றன. அந்தச் சர்வர் ஓடுவதால் இன்று படம் தெரிகிறது. அதை நிறுத்தும் நாளில் எல்லாம் வெற்றுக் கட்டங்களாகிவிடும். உங்கள் சரிபார்ப்பில் இது சிக்காததற்குக் காரணமும் அதுதான். ஒரே டிக்கெட்டில் ஒரே பெயரில் இரண்டு இணைப்புகள் இருந்த இடங்களில் பின்னது முன்னதை அழித்துவிட்டது. நேரங்கள் யூடிசிக்கு (உலகப் பொது நேரத்துக்கு) மாற்றப்படாமல் வந்ததால் நள்ளிரவை ஒட்டிய பதிவுகள் ஒரு நாள் தள்ளி நிற்கின்றன. ஒப்புதல் தேதிக்கு முன்பே ரிலீஸ் போனதுபோலத் தெரிகிறது.

லின்க்குகள்தான் மிகப் பெரிய இழப்பு. ஒரு லின்க் நிற்க வேண்டுமானால் இரு முனைகளும் புதிய கருவியில் இருக்க வேண்டும். திறந்த டிக்கெட் மூடிய டிக்கெட்டைச் சுட்டினால் மூடியது வராததால் லின்க்கும் வராது. மூடிய ரிக்வயர்மென்டைச் சுட்டும் டெஸ்ட் கேஸ்கள் அநாதையாக நிற்கின்றன. இந்தச் சோதனையில் பிழைச் செய்திகூட வரவில்லை. ஸ்கிரிப்ட் மௌனமாக விட்டுவிட்டுப் போயிருக்கிறது. முறை நெடுங்காலமாகத் தெரிந்ததுதான்: முதல் சுற்றில் உருப்படிகளை மட்டும் உருவாக்கி, பழைய எண்ணுக்கு நேர் புதிய எண் என்று ஒரு அட்டவணை எழுதிக்கொள்வது, இரண்டாம் சுற்றில் அந்த அட்டவணையைப் பார்த்து லின்க்குகளைப் போடுவது, முனை கிடைக்காத ஒவ்வொன்றையும் தனிக் கோப்பில் பதிவது.

புதிய கருவியின் பக் படிவத்தைப் பற்றியும் சொல்லியாக வேண்டும், ஏனெனில் நாளை சேரப்போகும் தரவு அதில்தான் உருவாகிறது. மூலகாரணம் என்ற புலம் பக்கைத் திறக்கும்போதே கட்டாயம் என்று வைத்திருக்கிறீர்கள். பக்கைப் பார்த்த டெஸ்டருக்கு அந்தக் கணத்தில் மூலகாரணம் எப்படித் தெரியும்? பட்டியலில் முதலில் இருப்பதைத் தேர்ந்தெடுத்துச் சேமித்துவிடுவார். மூன்று மாதம் கழித்து டேஷ்போர்டில் நம் குறைகளில் பெரும்பாலானவை அந்த ஒரே காரணத்தால் வந்தவை என்று காட்டும், அதை நம்பி நீங்கள் பயிற்சிக்குப் பணம் ஒதுக்குவீர்கள். அந்தப் புலம் "சரி செய்யப்பட்டது" என்ற நிலைக்கு நகர்த்தும்போது கட்டாயமாக வேண்டும். நிரப்ப வேண்டியவர் சரி செய்தவர். அதேபோல், மூடிய பக்கை மறுபடி திறக்கும் வழியை வொர்க்ஃப்ளோவிலிருந்து எடுத்துவிட்டீர்கள். இனி அரைகுறையாகச் சரிசெய்த ஒவ்வொரு பக்கும் புது பக்காகப் பதிவாகும். மறுதிறப்பு எண்ணிக்கை பூஜ்ஜியம் என்று அறிக்கை அழகாக இருக்கும். ஆனால் நம் தரம் சரிகிறது என்று முதலில் எச்சரிக்கும் அளவுகோலை நீங்களே கழற்றி வைத்ததாகிவிடும்.

ஆகவே எங்கள் கோரிக்கைகள்.

சர்வரை நிறுத்தும் முடிவை உடனே நிறுத்தி வையுங்கள். மைக்ரேஷன் முடிந்த பிறகும் பழைய சர்வர் படிக்க மட்டும் என்ற நிலையில் ஓட வேண்டும்: எல்லாப் பொறுப்புகளிலிருந்தும் எழுதும் அனுமதியை நீக்குங்கள், பார்க்கும் அனுமதியை விடுங்கள், மெயில் அனுப்புவதையும் நேரப்படி ஓடும் பணிகளையும் வெப்ஹூக்குகளையும் (மற்ற கருவிகளுக்குத் தானாகப் போகும் அறிவிப்புகளையும்) அணையுங்கள், வெளி நெட்வொர்க்கிலிருந்து துண்டியுங்கள். பாதுகாப்புத் திருத்தம் வராத சர்வரை வைத்திருப்பது ஆபத்து என்ற உங்கள் கவலை நியாயமானது. உள் நெட்வொர்க்கில் தனித்து வைத்தால் அந்த ஆபத்து பெரிதும் குறையும். அதில் பதிவுள்ள எந்த வெர்ஷனாவது ஆதரவில் இருக்கும் வரையும், சட்டப்படி ஆவணம் வைத்திருக்க வேண்டிய காலம் வரையும் அது இருக்கட்டும்.

மூடிய டிக்கெட்டுகள், டெஸ்ட் ரன்கள், இணைப்புகள், லின்க்குகள் எல்லாம் வர வேண்டும். நிலை மாறிய வரலாற்றை அப்படியே கொண்டுவர முடியாத இடத்தில், பழைய டிக்கெட்டின் முழுப் பக்கத்தையும் வரலாற்றோடு பிடிஎஃப் ஆக்கிப் புதிய டிக்கெட்டில் இணையுங்கள். நிறுவனத்தில் இல்லாதவர்களுக்கு உள்நுழைய முடியாத செயலற்ற கணக்குகளை உருவாக்கி, அவர்கள் செய்ததை அவர்கள் பெயரிலேயே நிறுத்துங்கள்.

"பழைய எண்" என்ற புலம் ஒவ்வொரு டிக்கெட்டிலும், யாரும் திருத்த முடியாதபடி, தேடக்கூடியதாக இருக்க வேண்டும். பழைய எண்ணும் புதிய எண்ணும் கொண்ட அட்டவணையை சிஎஸ்வியாக ஒவ்வொரு கோடு ரெப்போசிட்டரியிலும் கமிட் செய்யுங்கள்; கருவி போனாலும் அது கோடோடு இருக்கும். புதிய எண்கள் பழைய எண்களோடு மோதாதபடி, பழையவற்றில் மிகப் பெரிய எண்ணைத் தாண்டித் தொடங்கட்டும். கருவி அதற்கு இடம் தராவிட்டால் பழைய கமிட்டுகளுக்கு எண்ணைத் தானாக லின்க் ஆக்கும் வசதியை அணைத்து வையுங்கள்.

இன்னும் இரண்டு முழுச் சோதனை மைக்ரேஷன்கள் வேண்டும். உருப்படிகளை மொத்தமாக எண்ணாமல் வகை, நிலை, ரிலீஸ் வாரியாக எண்ணுங்கள். லின்க்குகளை வகைவாரியாக எண்ணுங்கள். ஒவ்வொரு இணைப்புக்கும் இரு பக்கமும் எஸ்எச்ஏ-256 மதிப்பை (கோப்பின் ஹாஷை) ஒப்பிடுங்கள். பழைய சர்வரைத் தற்காலிகமாகத் துண்டித்துவிட்டுப் புதியதைப் பாருங்கள். மாதிரிக்கு எடுக்கும் டிக்கெட்டுகளை நாங்கள் தேர்ந்தெடுப்போம்: கருத்துகள் மிகுந்தவை, பலமுறை மறுதிறக்கப்பட்டவை, அட்டவணை உள்ளவை, ஆங்கிலமல்லாத எழுத்துகள் உள்ளவை, போனவர்கள் எழுதியவை. எளிய டிக்கெட்டுகளில் எதுவும் உடைவதில்லை. இறக்குமதி தொடங்கும் முன் அறிவிப்பு மெயில்களை அணைக்க மறக்காதீர்கள். சென்ற முறை வாடிக்கையாளர்களுக்கும் போய்விட்டது.

மாற்றும் நாள் எந்த ரிலீஸுக்கும் அருகில் இருக்கக்கூடாது. பில்ட் பைப்லைன்கள் எந்தக் கருவிக்கு எழுதுகின்றன என்று ஒவ்வொன்றாகச் சரிபார்த்த பிறகே பழையதைப் பூட்டுங்கள்.

படிவத்தையும் வொர்க்ஃப்ளோவையும் தீர்மானிக்கும் குழுவில் ஒரு டெவலப்பர், ஒரு டெஸ்டர், ரிலீஸ் பொறுப்பாளர் ஒருவர் இருக்க வேண்டும். மறுதிறப்பு வழி திரும்ப வேண்டும். மூலகாரணப் புலத்தைச் சரியான கட்டத்துக்கு நகர்த்துங்கள்.

புதிய கருவியின் ஒப்பந்தத்தில், வரலாறும் இணைப்புகளும் லின்க்குகளும் உட்பட முழுத் தரவையும் நாம் கேட்கும்போது வெளியே எடுத்துத் தர வேண்டும் என்ற ஷரத்து வேண்டும். ரிக்வயர்மென்டுகளுக்கு, கருவிகளுக்கிடையே பரிமாறப் பயன்படும் ரெக்ஐஎஃப் வடிவில் ஏற்றுமதி இருக்கிறதா என்று கையெழுத்திடும் முன்பே நேரில் ஓட்டிப் பாருங்கள், விற்பனையாளர் காட்டும் ஸ்லைடை நம்ப வேண்டாம்.

மைக்ரேஷன் அட்டவணை இறுதியாகும் முன், ஒவ்வொரு கோரிக்கைக்கும் தனித்தனியாக, ஏற்கிறீர்களா இல்லையா, இல்லையென்றால் காரணம் என்ன என்று எழுத்தில் பதில் தாருங்கள். சோதனை மைக்ரேஷனில் நாங்கள் கண்ட பிழைகளின் பட்டியல், டிக்கெட் எண்களோடு, உங்கள் குழுவிடம் ஏற்கெனவே ஒப்படைக்கப்பட்டிருக்கிறது. சரிபார்க்கும் வேலைக்கு ஆட்களைத் தர எங்கள் மூன்று குழுக்களும் தயார்.

இப்படிக்கு,
மேம்பாடு, டெஸ்டிங், ரிலீஸ் குழுவினர்